மச்சானைக் கொன்ற மானிட்டர்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன் அதைப் பற்றி அளவுக்கு மீறிப் படிக்கிறவன், ஒன்றுமே படிக்காதவனைவிட மோசமானதைத்தான் வாங்கிக்கொண்டு வருவான். யாரோ சொல்லி நான் இதைச் சொல்லவில்லை. மூன்று மாதம் படித்து, ஒரு மானிட்டர் வாங்கி, அதை வைத்து என் மனைவியின் கூடப்பிறந்த அண்ணனை ஊர் பார்க்கச் சாகடித்தவன் நான்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ஆலங்குடியில் வீடு, புதுக்கோட்டையில் ஒரு பாலிடெக்னிக் ஆபீஸில் கிளார்க் வேலை. கழுத்தில் ஒரு கேமரா. ஞாயிற்றுக்கிழமையானால் சித்தன்னவாசலுக்குப் போய் பாறையைப் படம் எடுப்பேன். போன ஞாயிறு எடுத்த அதே பாறைதான். வெளிச்சம் வேறாம்.

எடுத்த படங்களை ஒரு பழைய லேப்டாப்பில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அதன் திரையில் குறுக்காக ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது. கலா (என் மனைவி) ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாப் படத்துலயும் எதுக்குங்க துணிக்கொடி கட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன், நல்ல மானிட்டர் ஒன்று வாங்குவது என்று. படம் திருத்தவும் ஆகவேண்டும், கரண்ட் பில் கட்டவும் கலா சீரியல் பார்க்கவும் ஆகவேண்டும்.

மூன்று மாதம் ஆராய்ச்சி. இருக்கிற வீடியோ எல்லாம் பார்த்தேன். ஒரு நோட்டுப் போட்டு எழுதினேன். ஆபீஸில் கேண்டீன் பக்கம் நான் வந்தால், பாதி டீயோடு எழுந்து போனார்கள். அந்த நோட்டு இப்போதும் பீரோவில் இருக்கிறது. ஐபிஎஸ் பேனல்தான் நிறத்தை உள்ளபடி காட்டும்; கடையில் பளபளப்பதைப் பார்த்து ஏமாறாதே; வாங்கியதும் முதல் வேலையாக வெளிச்சத்தைக் குறை. மூன்றும் என் கையெழுத்திலேயே இருக்கின்றன, மூன்றாவதுக்கு அடிக்கோடு வேறு.

கடைக்குப் போனேன். நான் முடிவு செய்து வைத்திருந்த மானிட்டரும், அதற்குப் பக்கத்தில் லேசாக வளைந்த இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ஒரே வீடியோ. யாரோ தக்காளியைத் தண்ணீரில் போடுகிறார்கள். என் மானிட்டரில் அது தக்காளியாக இருந்தது. பக்கத்து மானிட்டரில் அந்தத் தக்காளி கோவில் தேரைவிட அலங்காரமாக இருந்தது. அவ்வளவுதான், என் கால் தானாக அங்கிட்டு நகர்ந்துவிட்டது.

கடைக்காரர் நல்ல மனிதர். "சார், அது கேம் ஆடுறவங்க வாங்குறது. போட்டோ வேலைக்குன்னா நீங்க மொதல்ல கேட்டதுதான் சரி. இது கலரக் கூட்டிக் காட்டும்" என்றார்.

"அன்றாட யூஸுக்கும் வேணும்ல" என்றேன்.

இந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை. பில் போட்டுவிட்டார்.

வீட்டில் வைத்து ஆன் செய்தால், கூடத்தில் டியூப்லைட்டே தேவைப்படவில்லை. கலா முந்தானையை நெற்றிக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, இத வச்சு வடகமே காயப்போடலாம் போலருக்கே. கொஞ்சம் கொறைங்க" என்றாள். அட்டைப்பெட்டியில் 'தொழிற்சாலையிலேயே நிறம் சரிசெய்யப்பட்டது' என்று அச்சடித்திருப்பதைக் காட்டினேன். இதைத் தொடுவதே பாவம் என்றேன். (அடிக்கோடு போட்ட வரி பீரோவுக்குள் கிடந்தது.)

மானிட்டர் வந்த எட்டாம் மாதம் எங்கள் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தோம். இங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கல். கலாவுக்கு ஒரே அண்ணன், சிதம்பரம். திருவரங்குளத்தில் வீட்டோடு ஒட்டி மோட்டார் ரீவைண்டிங் கடை (எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றுவது) வைத்திருக்கிறார். அதற்கு இரண்டு வருடம் முன்பு எங்கள் புதுமனை புகுவிழாப் பத்திரிகையில் தாய்மாமன் என்று அவர் பெயரைப் போட நான் மறந்துவிட்டேன். சத்தியமாக மறதிதான். ஆனால் பத்திரிகையில் பெயர் விடுபடுவதை எங்கள் பக்கம் யாரும் மறதி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வருடம் எங்கள் வாசல்படி மிதிக்கவில்லை அவர். கலா போனில் பேசினால், "ம்", "சரி", "வச்சிர்றேன்", இவ்வளவுதான். போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுவாள். நான் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. கலா போய் அண்ணன் கையைப் பிடித்து அழுது, அவரும் கரைந்து, "வாரேன் ஆத்தா, எம் மருமகளுக்கு நான் வராம யாரு வருவா" என்று சொன்ன பிறகுதான் தேதியே குறித்தோம். வருகிற வழியிலேயே கலா என்னிடம் சொன்னாள். "இன்னொரு தடவ எங்கண்ணன் மனசு நொந்துச்சு, அப்பறம் எனக்குப் பொறந்த வீடே கெடையாது. பாத்து நடந்துக்கங்க."

பார்த்து நடந்துகொண்டேன். பழைய குற்றத்துக்குப் பரிகாரமாக பேனர் நானே டிசைன் செய்வது, நடுவில் மச்சான் படம் பெரிதாக, மற்ற சொந்தக்காரர்கள் எல்லாம் ஓரத்தில் சின்னதாக. காது குத்துகிற கோவில் வாசலுக்கு ஒன்று. மச்சானின் ஊரிலேயே, திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பில், எல்லாரும் பார்க்கிற மாதிரி இன்னொன்று. என் வாழ்க்கையில் நான் போட்ட ஒரே நல்ல திட்டம் அது.

மச்சானை அவர் கடை வாசலில் நிற்கவைத்து நானே படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காலை வெயில். மானிட்டரில் திறந்தால் மனிதர் சிவசிவ என்று சிவந்து போயிருந்தார். முகம் பீட்ரூட். நெற்றி பளீர். கேமராதான் தப்பு என்று முடிவுகட்டி, மூன்று சாயங்காலம் உட்கார்ந்து நிறத்தைக் குறைத்தேன், வெளிச்சத்தைக் குறைத்தேன், மறுபடி நிறத்தைக் குறைத்தேன். மூன்றாம் நாள் திரையில் மச்சான் உள்ளது உள்ளபடி, அழகான மாநிறத்தில் சிரித்தார். மற்ற சொந்தக்காரர்கள் அனுப்பிய படங்களை நான் தொடவே இல்லை. உழைப்பெல்லாம் தாய்மாமனுக்குத்தான்.

சுற்றிலும் மல்லிகைச் சரம் வைத்தேன். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. எழுத்துகளைச் சின்னதாக்கி அடியில் ஒதுக்கிவிட்டேன். டிசைனில் காற்றோட்டம் வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள்.

கலா போனில் அனுப்பச் சொல்லிப் பார்த்தாள். "என்னங்க, எங்கண்ணன் சாம்பப் பூத்தாப்புல இருக்காரு?"

"ஒன் போன் கலரத் தப்பாக் காட்டுது."

"எம் போன்ல மத்தவங்கெல்லாம் நல்லாத்தான இருக்காங்க?"

"அவங்களயும் தப்பாத்தான் காட்டுது. ஒனக்குத் தெரியல" என்றேன். எனக்கு அப்போது அடி கொடுக்க ஆளில்லை, அதுதான் குறை.

ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர் பர்வீன் என்ற பெண். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருக்கிறவர். அவருடைய மானிட்டர் தூசி படிந்து, ஒரு மூலை உடைந்து, செல்லோடேப் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஒரு சின்னச் சிரிப்பு வந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணே, நடுவுல உள்ளவரு ரொம்ப டல்லா இருக்காரே. கொஞ்சம் ஏத்தி விட்டுரவா?" என்றார்.

"ஒரு புள்ளிகூடத் தொடாதீங்கம்மா. இது சரியான மானிட்டர்ல பாத்துப் பண்ணது."

பர்வீன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஆர்டர் சீட்டை என் பக்கம் நகர்த்தி, "கலருக்கு நாங்க பொறுப்பில்லன்னு ஒரு கையெழுத்துப் போட்டுருங்கண்ணே" என்றார். பெருமையோடு போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேனர் கட்டுகிறவர்களே வந்து சுருட்டி வாங்கிப்போய்க் கட்டிவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை விசேஷம்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஆபீஸில் இருக்கிறேன், போன் வருகிறது. மச்சானின் மனைவி வசந்தா. எடுத்ததும் ஒரே ஒப்பாரி.

"அண்ணே! அவரு போயிட்டாராமே அண்ணே! நேத்து ஆவுடையார்கோவில்ல மோட்டாரு மாட்டணும்னு போன மனுசன், போனு வேற எடுக்கலையே! ஊரே வந்து வாசல்ல நிக்கிது!"

 நாற்காலியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். சூப்பரின்டெண்டென்ட் தண்ணீர் கொடுத்து, தோளைத் தட்டி, "கெளம்புப்பா, லீவெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்றார். போனில் வசந்தா இன்னும் அழுதுகொண்டே, "ஒங்களுக்குத் தெரிஞ்சிருந்தும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணே! பேனர் வரைக்கும் அடிச்சிட்டீங்களே, கட்டுன பொண்டாட்டி எனக்குச் சொல்லணும்னு தோணலையா!" என்றார். அந்தத் துக்கத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. கலாவுக்குச் சொல்லவும் தைரியம் வரவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வழியெல்லாம் அழுதேன். பத்திரிகையில் பெயர் போடாமல் விட்டோமே, அந்த மனுசனிடம் ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டோமா என்று சத்தம் போட்டே அழுதேன். மச்சானுக்காக நான் அழுத அந்த அழுகை நூற்றுக்கு நூறு உண்மை. திருவரங்குளம் பஸ் ஸ்டாப்பில் நிமிர்ந்து பார்த்ததும் நின்றுவிட்டது.

பன்னிரண்டு அடி உயரத்தில் மச்சான். சாம்பல் நிறம். உதடு, கன்னம், திருநீறு, எல்லாம் ஒரே சாம்பல். முகத்தைச் சுற்றி இருட்டு. அதைச் சுற்றி மல்லிகைச் சரம். இரண்டு பக்கமும் விளக்கு எரிகிறது. ஓரத்தில் சொந்தக்காரர்கள் முப்பது பேர் கலர்கலராக, உயிரோடு, வரிசையாக நிற்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி என்று எழுதுவது ஒன்றுதான் பாக்கி. கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டுமானால் ஏணி போட்டு ஏற வேண்டும்.

என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் துண்டால் மூக்கைச் சிந்தினார். "நல்ல மனுசன். போன வாரந்தான் எங்க மோட்டாருக்குக் காயில் கட்டிக் குடுத்தாரு. எத்தன மணிக்கு எடுக்குறாங்களாம் தம்பி?"

பேனரின் அடியில் இருக்கிற எழுத்தை நான் கைகாட்டுவதற்குள் புதுக்கோட்டை பஸ் வந்து நின்றது. முன்வாசலில் இருந்து டூல்ஸ் பையோடு மச்சான் இறங்கினார். ராத்திரி முழுக்க வேலை, சார்ஜ் இல்லாத போன், தூக்கக் கலக்கம். நிமிர்ந்து பேனரைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்துவிட்டார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே பின்னாலே ஓடினேன்.

வீட்டு வாசலில் நாற்பது பேர் இருப்பார்கள். பந்தல்காரர் ஒருவர் டேப் வைத்து வாசலை அளந்துகொண்டிருந்தார். மச்சானைப் பார்த்ததும் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். வசந்தா ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆரம்பித்த அழுகை நிற்கவே மாட்டேன் என்றது. மச்சான் முகம் அப்போதுதான் மாறியது. மனைவி தலையைத் தடவிக்கொண்டே நின்றார். சிரிக்கிற விஷயம் இல்லை இது என்று எனக்கு அங்கே புரிந்தது.

"செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கெட்டிப்பா" என்று யாரோ சொன்னார்கள்.

"கெட்டியா இருக்கட்டும்" என்றார் மச்சான். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து என் பக்கம் திரும்பினார். "ஏன் மாப்ள, அன்னைக்கிப் பத்திரிகையில பேரு போடல. மறதின்னீங்க, சரின்னு விட்டேன். இப்பப் பேரு போட்டுருக்கீங்க. அதுக்கு இப்படியா? ஓரத்துல உள்ள ஒங்க பங்காளிகளுக்கெல்லாம் நல்லாக் கலரு இருக்கு. எனக்கு மட்டும் இல்ல."

"மச்சான், ஒங்க படத்துக்குத்தான் மூணு நாள் வேல பாத்தேன்..."

"மூணு நாளு பாத்தா இந்தக் கதி! அவங்க படத்தத் தொடாம விட்டீங்க, பொழைச்சாங்க." எழுந்துகொண்டார். "ஞாயித்துக்கெழம நான் வரல. மடியில ஒக்கார வைக்க வேற மாமனத் தேடிக்கங்க."

அதற்குள் செய்தி கேட்டுக் கலா ஆலங்குடியில் இருந்து யாழினியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாள். அண்ணன் உயிரோடு இருப்பதைப் பார்த்து ஒருமுறை அழுதாள். வரமாட்டேன் என்று அவர் சொன்னதைக் கேட்டு இன்னொருமுறை அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை எந்தக் கேமராவும் தாங்காது.

"போங்க. போயி அந்தச் சனியன இங்கிட்டுத் தூக்கிட்டு வாங்க. எங்கண்ணன் அவரு கண்ணால பாக்கட்டும்."

ஆலங்குடிக்குப் போய், மானிட்டரைப் பெட்ஷீட்டில் சுற்றி, வண்டியில் முன்னால் வைத்துக் கட்டி, லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தேன். பெட்ஷீட் சுற்றிய பொருளோடு அந்த வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து வாசலில் இருந்தவர்கள் மறுபடி எழுந்து நின்றார்கள். மச்சான் கடையின் மேஜைமேல், செம்புக் கம்பிச் சுருள்களை ஒதுக்கிவிட்டு, மானிட்டரை வைத்து ஆன் செய்தேன். படத்தைத் திறந்தேன்.

திரையில் மச்சான் அழகான மாநிறத்தில் சிரித்தார். கூட்டம் "அட!" என்றது. எனக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா மச்சான், இப்படித்தான் நான் பண்ணேன். பிரிண்டிங்லதான் ஏதோ..."

 மச்சானுக்குப் பழக்கதோஷம், முன்பக்கத்தை விட்டுவிட்டு மானிட்டரின் முதுகுப் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். அங்கே ஒரு பொத்தான் இருந்தது. எட்டு மாதமாக என் வீட்டில் இருக்கிற மானிட்டரில் அப்படி ஒரு பொத்தான் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அமுக்கினார். திரையில் ஒரு பட்டியல் வந்தது.

"வெளிச்சம் நூத்துல நிக்கிது. கலரு கேம் ஆடுற செட்டிங்ல கெடக்கு. இத நீங்க கொறைக்கவே இல்லையா மாப்ள?"

நான் மேஜையில் இருந்த கம்பிச் சுருள்களை அடுக்க ஆரம்பித்தேன்.

ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். குறையக் குறைய, திரையில் இருந்தவருக்குக் கன்னம் வெளுத்தது, உதடு வெளுத்தது, முகம் முழுக்கச் சாம்பல் பூத்தது. நாற்பது பேர் பார்க்க, மச்சானை மச்சானே அவர் கையாலே கொன்று காட்டினார். பஸ் ஸ்டாப்பில் இருந்த அதே முகம். வசந்தா "ஐயோ, அணைங்க" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

மச்சான் நிமிர்ந்தார். கையைத் துடைத்துக்கொண்டார். "ஒரு மோட்டார் வந்தா நாங்க மொதல்ல எவ்வளவு கரண்டு வருதுன்னு பாத்துட்டுத்தான் மத்த வேலையே பாப்பம். மூணு மாசம் படிச்சீங்களே மாப்ள, இத எங்கயும் போடலையா?"

போட்டிருந்தது. அடிக்கோட்டோடு இருந்தது. அதை எப்படிச் சொல்வது?

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி ஒரு நாட்டாமை மாதிரித் தீர்ப்புச் சொன்னார். "மாப்ள வேணும்னு பண்ணல. வெவரம் பத்தல, அவ்வளவுதான்."

அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனபோதுகூட நான் அப்படிக் கூனிக் குறுகி நிற்கவில்லை. ஆனால் கலா அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். யாழினியை அண்ணன் கையில் கொடுத்தாள். மூன்று வயதுப் பிள்ளை, நடந்தது எதுவும் தெரியாமல் அவர் மீசையைப் பிடித்து இழுத்தது. மச்சான் கொஞ்ச நேரம் அதன் காதுமடலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றார். பிறகு என்னிடம், "பேனர அவுத்துட்டுத்தான் நீங்க சோறு திங்கணும்" என்றார்.

இரண்டையும் அவிழ்த்தேன். கலா போனில் எடுத்த படத்தை வைத்துப் பர்வீனே புது பேனர் அடித்துக் கொடுத்தார். நான் கடை வாசலிலேயே நின்றுகொண்டேன், உள்ளே போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் மேளதாளத்தோடு சீர்த்தட்டு எடுத்து வந்தார். வழக்கமான வெள்ளைச் சட்டை இல்லை. ரோஸ் கலரில் ஒரு சட்டை, சந்தனம் இவ்வளவு, குங்குமம் இவ்வளவு, கன்னத்தில் பவுடர். எவனும் இனி தன் புருசனைச் செத்தவர் என்று சொல்லிவிடக் கூடாது என்று வசந்தா போட்டு அனுப்பிய அலங்காரமாம். யாழினி அவர் மடியில் உட்கார்ந்து வீறிட்டது. அவர் அதன் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதைவிடச் சத்தமாக அழுதார். நான் கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யாழினிக்கு இதுதான் அடையாளம். புதிதாக யார் வந்தாலும், "இந்தப் புள்ளைக்குத்தான் செத்துப்போன மாமன் மடியில வச்சுக் காது குத்துனது" என்றுதான் அறிமுகம் செய்வார்கள். அவளும் கேட்டுக் கேட்டே வளர்ந்துவிட்டாள். இப்போது மூன்றாம் வகுப்பு. போன மாதம் வகுப்பில் 'என் மாமா' என்று ஐந்து வரி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இவள் முதல் வரியிலேயே, 'என் மாமா இறந்த பிறகு எனக்குக் காது குத்தினார்' என்று எழுதிவிட்டாள்.

பிள்ளைக்கு மனதில் ஏதோ ஆகிவிட்டது என்று அவளுடைய டீச்சர் பயந்து, சாயங்காலமே கலாவின் போனுக்குக் கூப்பிட்டிருக்கிறார். கலா அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த மச்சான்தான் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் டீச்சர் தயங்கித் தயங்கி, "யாழினியோட மாமா தவறிட்டாருன்னு எழுதியிருக்காங்க... ரொம்ப வருத்தமா இருந்துச்சுங்க. எப்பங்க ஆச்சு?" என்றார்.

மச்சான் டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"ஆச்சுங்க டீச்சர், அஞ்சு வருசம்" என்றார். "நான்தான் பேசுறேன்."